அமெரிக்க பாஸ்போர்ட்டோடு பிரிட்டனுக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு: ஆவணம், செலவு, காலக்கெடு

கோயம்புத்தூரில் பிறந்து, பதினோரு வயதில் பெற்றோருடன் நியூ ஜெர்சிக்குக் குடிபெயர்ந்து, அங்கேயே இளங்கலை வரை படித்து அமெரிக்கக் குடியுரிமையும் பெற்ற நான், 2024ஆம் ஆண்டு வட இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஓராண்டு முதுகலைப் படிப்பில் சேர்ந்தேன். வகுப்புகள் தொடங்கிப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் என்னால் அங்கே போய்ச் சேர முடிந்தது. என் முதல் விசா விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதே அதற்குக் காரணம். அடுத்த ஆண்டு என் தங்கை ஸ்காட்லாந்தில் இளங்கலை சேர்ந்தபோது அதே வேலைகளைச் சரியான வரிசையில் செய்தோம், எந்தத் தடங்கலும் வரவில்லை. அமெரிக்கக் குடிமக்களுக்குப் பிரிட்டன் பல சலுகைகள் தருகிறது. அந்தச் சலுகைகளை நம்பி ஆயத்தமில்லாமல் இருந்துவிடுவதால்தான் நம்மில் பலர் மாட்டிக்கொள்கிறோம் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

கீழே உள்ள தொகைகள் 2025–26 நிலவரம். விசாக் கட்டணங்கள் பெரும்பாலும் ஏப்ரல் மாதத்தில் மாறும் என்பதால், பணம் கட்டும் நாளன்று பிரிட்டன் அரசின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. உங்களுக்கு எந்த அனுமதி தேவை என்று முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

அமெரிக்கக் கல்லூரியில் படித்துக்கொண்டே ஒரு செமஸ்டருக்கு மட்டும் பிரிட்டன் செல்பவர்களுக்கு, படிப்பு ஆறு மாதத்துக்குள் முடிந்துவிடுமானால், மாணவர் விசா தேவையில்லை. 16 பவுண்டு கட்டி ஈடிஏ எனப்படும் மின்னணுப் பயண அனுமதி வாங்கிக்கொண்டு பார்வையாளராகச் சென்று படிக்கலாம். ஆனால் அந்த அனுமதியில் ஒரு மணி நேரம்கூடச் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. உங்கள் செமஸ்டர் திட்டத்தில் நிறுவனப் பயிற்சி ஏதேனும் சேர்ந்திருந்தால் அனுமதியின் வகையே மாறக்கூடும் என்பதால், விமானச் சீட்டு எடுப்பதற்கு முன்பே பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பார்வையாளராக நுழைந்துவிட்டு, உள்ளே இருந்தபடியே மாணவர் விசாவுக்கு மாறவும் முடியாது.

முழுப் பட்டப்படிப்புக்குச் செல்பவர்களுக்கு மாணவர் விசா கட்டாயம். இனி வருபவை அவர்களுக்கானவை.

கிரீன் கார்டு வைத்திருக்கும் இந்தியக் குடிமக்கள் ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும்: சலுகைகள் பாஸ்போர்ட்டைப் பார்த்துத் தரப்படுகின்றன, வசிக்கும் நாட்டைப் பார்த்து அல்ல. நிதி ஆவணங்களை விண்ணப்பத்தோடு இணைக்கத் தேவையில்லை என்ற சலுகை உங்களுக்குக் கிடையாது. சில அறிவியல், பொறியியல் முதுகலைப் படிப்புகளுக்கு ஏடாஸ் என்ற முன் அனுமதியும் உங்களுக்குத் தேவைப்படும்; அமெரிக்கக் குடிமக்களுக்கு அதில் விலக்கு உண்டு.

2. விண்ணப்பம்

இளங்கலைக்கு யூகாஸ் என்ற ஒரே பொது வாயில் வழியாக ஐந்து இடங்கள் வரை விண்ணப்பிக்கலாம். செயின்ட் ஆண்ட்ரூஸ் போன்ற சில பல்கலைக்கழகங்கள் அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்குப் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தையும் ஏற்றுக்கொள்கின்றன. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இரண்டுக்கும், பெரும்பாலான மருத்துவப் படிப்புகளுக்கும் அக்டோபர் 15 கடைசி நாள். மற்றவற்றுக்கு ஜனவரி, 2026 சேர்க்கைக்கு அது ஜனவரி 14. கெடு முடிவது பிரிட்டன் நேரப்படி மாலை 6 மணி என்பதையும், அப்போது நியூயார்க்கில் பிற்பகல் 1 மணிதான் என்பதையும் மறக்காதீர்கள். பள்ளி விட்டு வந்து அனுப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தால் வாயில் மூடியிருக்கும்.

அங்கே முதல் நாளிலிருந்தே ஒரு பாடத்தில்தான் சேர்கிறீர்கள். இரண்டாம் ஆண்டில் மேஜர் எனப்படும் முதன்மைப் பாடத்தை அறிவிக்கலாம் என்ற வழக்கம் இங்கிலாந்தில் இல்லை. மூன்றே ஆண்டுப் படிப்பு, பாடம் மாற்றுவது கடினம். ஸ்காட்லாந்தில் நான்கு ஆண்டு. முதல் இரண்டு ஆண்டுகளில் வேறு பாடங்களையும் சேர்த்துப் படிக்க இடமுண்டு. பதினேழு வயதில் இன்னும் முடிவெடுக்காத பிள்ளைகளுக்கு ஸ்காட்லாந்தே ஏற்றது என்பது என் கருத்து. என் தங்கை அங்கு சென்றதும் அதற்காகத்தான்.

அமெரிக்கப் பள்ளிகளிலிருந்து செல்பவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் பரிந்துரைக் கடிதம். யூகாஸில் ஒரே ஒரு பரிந்துரைதான். அதை எழுதுபவர், பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் எழுதும் உங்கள் ஏபி தேர்வுகளில் நீங்கள் எடுக்கக்கூடிய மதிப்பெண்ணைக் கணித்துக் குறிப்பிட வேண்டும். பல பள்ளி ஆலோசகர்களுக்கு இந்த வழக்கமே தெரியாது. தங்கையின் ஆலோசகர், கணிப்பு எதுவும் இல்லாமல் அவளுடைய நற்பண்புகளைப் பற்றி மட்டும் எழுதி வைத்திருந்தார். நாங்கள் கேட்டுக்கொண்ட பிறகு மாற்றி எழுதினார். செப்டம்பரிலேயே ஆலோசகரைச் சந்தித்து, யூகாஸ் பரிந்துரையாளர்களுக்கு வெளியிட்டுள்ள குறிப்புகளை அச்செடுத்துக் கையில் கொடுத்துவிடுங்கள். சுயவிவரக் கட்டுரை 2026 சேர்க்கையிலிருந்து மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மொத்தம் 4,000 எழுத்துக்குறிகள். அமெரிக்கக் கல்லூரிகளுக்கு எழுதும் வாழ்க்கைக் கதை அங்கே எடுபடாது. பாடத்தைப் பற்றி என்ன படித்தீர்கள், என்ன யோசித்தீர்கள் என்பதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

ஜூலை தொடக்கத்தில் ஏபி முடிவுகள் வரும்போது, அவை தாமாகப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேரும் என்று இருந்துவிடாதீர்கள். அந்தத் தேர்வுகளை நடத்தும் காலேஜ் போர்டு வழியாக நீங்களே அனுப்பிவைக்க வேண்டும்.

முதுகலைக்கு ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் தளத்திலும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். மே மாதம் பட்டமளிப்பு விழா முடிந்தாலும், பட்டம் வழங்கப்பட்ட தேதி பதிவான டிரான்ஸ்கிரிப்ட் கைக்கு வரச் சில வாரங்கள் ஆகலாம். அது இல்லாமல் நிபந்தனையற்ற இடம் உறுதியாகாது. விழா முடிந்த மறுநாளே பதிவாளர் அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

3. பணம் எங்கிருந்து வரப்போகிறது

உங்களுக்கு வெளிநாட்டு மாணவர் கட்டணம்தான். 2025–26இல் இங்கிலாந்து மாணவர்கள் ஆண்டுக்கு அதிகபட்சம் 9,535 பவுண்டு கட்டுகிறார்கள். வெளிநாட்டு மாணவர்களின் கட்டணம் பல இடங்களில் அதைப்போல் இரு மடங்கிலிருந்து நான்கு மடங்கு வரை போகும்.

ஃபாஃப்சா என்ற அரசுக் கல்வி உதவி விண்ணப்பத்தை நிரப்பி, அமெரிக்கக் கூட்டரசின் நேரடிக் கடனை பிரிட்டனிலும் பயன்படுத்தலாம். உங்கள் பல்கலைக்கழகம் அமெரிக்கக் கல்வித் துறையின் பட்டியலில் இருக்க வேண்டும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான பெல் உதவித்தொகை வெளிநாட்டில் கிடைக்காது. பெற்றோரைச் சார்ந்த இளங்கலை மாணவருக்கு முதலாண்டில் 5,500 டாலர் வரைதான் நேரடிக் கடன். 2026 ஜூலை 1 முதல் விதிகள் இறுகுகின்றன: முதுகலை மாணவருக்கான கிராட் பிளஸ் கடன் புதியவர்களுக்குக் கிடையாது. புதிதாகப் பெற்றோர் பிளஸ் கடன் வாங்குவோருக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், மொத்தம் 65,000 டாலர் என்பதே உச்சவரம்பு. முதுகலை மாணவருக்கு ஆண்டுக்கு 20,500 டாலர் வரை நேரடிக் கடன் தொடரும். முன்பு சென்றவர்கள் சொல்லும் கணக்கை வைத்து இப்போது திட்டமிட்டால் பெரும் பள்ளம் விழும். பாடத்தின் ஒரு பகுதி இணையவழியில் நடந்தால்கூடக் கடன் தகுதி போய்விடலாம் என்பதையும் கடன் அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடன் பணம் தவணைகளாக, வகுப்பில் பதிவு செய்த பிறகுதான் வரும். சேர்க்கை முன்பணம், விசா, விமானச் சீட்டு, முதல் வாடகை எல்லாவற்றுக்கும் கையிலிருந்து செலவழிக்க வேண்டியிருக்கும்.

529 எனப்படும் வரிச்சலுகைக் கல்விச் சேமிப்பு வைத்திருக்கும் பெற்றோர், கூட்டரசுக் கடனுக்குத் தகுதியுள்ள வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் அதைச் செலவிடலாம். விமானச் சீட்டு அதில் சேராது. பணத்தை எடுக்கும் ஆண்டும் கட்டணம் செலுத்தும் ஆண்டும் ஒன்றாக இருக்கட்டும். டிசம்பரில் எடுத்து ஜனவரியில் கட்டினால் வரிக் கணக்கில் தலைவலி.

4. சிஏஎஸ் எண்

நிபந்தனைகள் நிறைவேறி, முன்பணமும் கட்டிய பிறகு பல்கலைக்கழகம் சிஏஎஸ் என்ற, எழுத்தும் இலக்கமும் கலந்து 14 குறிகள் கொண்ட உறுதிப்பாட்டு எண்ணை அனுப்பும். அது இல்லாமல் விசா விண்ணப்பத்தைத் தொடங்க முடியாது. படிப்பு தொடங்குவதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்று விதி சொன்னாலும், பெரும்பாலான இடங்களில் சிஏஎஸ் கோடையில்தான் வருகிறது. வந்தவுடன் பெயர், பாஸ்போர்ட் எண், படிப்பின் தொடக்க, முடிவுத் தேதிகள், நீங்கள் ஏற்கனவே கட்டிய தொகை ஆகியவற்றை ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். கட்டிய முன்பணம் அதில் பதிவாகாவிட்டால், அந்தத் தொகையையும் வங்கியில் காட்ட வேண்டிவரும்.

5. இருபத்தெட்டு நாள் விதி

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு முறை படியுங்கள்.

லண்டனுக்கு வெளியே படிப்பவர் மாதத்துக்கு 1,171 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்கு 10,539 பவுண்டு வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டும். லண்டனில் மாதம் 1,529 வீதம் 13,761 பவுண்டு. அதோடு முதலாண்டுக் கட்டணத்தில் பாக்கித் தொகையும் சேரும். இந்த மொத்தமும் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். அந்த 28 நாளின் கடைசி நாள், விசா விண்ணப்பத் தேதிக்கு 31 நாளுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். ஒரு நாள்கூடத் தொகை குறையக் கூடாது.

அமெரிக்கக் குடிமக்கள் இந்த ஆவணங்களை விண்ணப்பத்தோடு இணைக்கத் தேவையில்லை. நானும் இணைக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, நிதி ஆவணங்களை அனுப்புமாறு மின்னஞ்சல் வந்தது. கேட்கும் உரிமை அவர்களுக்கு எப்போதும் உண்டு. கேட்டால், விண்ணப்பித்த நாளிலேயே தகுதி இருந்தது என்று நிரூபிக்க வேண்டும். அப்பாவின் கணக்கில் தேவையைவிடச் சற்றே கூடுதலான பணம் இருந்தது. ஸ்டேட்மென்ட்டை அச்செடுத்து ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: பதினோராம் நாள் வீட்டுக்கடன் தவணை தானாகப் பிடிக்கப்பட்டு, அப்பாவின் சம்பளம் வரும்வரை இரண்டு நாளுக்கு 140 டாலர் குறைந்திருந்தது. அந்த இரண்டு வரிகளுக்காக விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. விசாவோடு சேர்த்துக் கட்டிய மருத்துவக் கட்டணம் திரும்பி வந்தது; விசாக் கட்டணம் வரவில்லை. பல்கலைக்கழகத்திடம் புதிய சிஏஎஸ் வாங்கி மீண்டும் விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. இனி எந்த விசா விண்ணப்பத்திலும் 'முன்பு மறுக்கப்பட்டதுண்டா' என்ற கேள்விக்கு நான் ஆம் என்றே எழுத வேண்டும்.

ஆகவே, இந்தத் தொகைக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு திறந்து, தவணையோ அட்டையோ எதுவும் இணைக்காமல், மே மாதமே பணத்தைப் போட்டுப் பூட்டி வையுங்கள். டாலரை பவுண்டாக மாற்றிக் கணக்கிடும்போது மாற்று விகிதம் இறங்கினாலும் தாங்கும்படி நூற்றுக்குப் பத்து கூடுதலாக இருக்கட்டும். பங்குகளும் ஓய்வூதியக் கணக்குகளும் ஏற்கப்பட மாட்டா.

கணக்கு பெற்றோர் பெயரில் இருந்தால் இரண்டு ஆவணங்கள் கூடுதலாக வேண்டும்: உறவை நிரூபிக்கும் உங்கள் பிறப்புச் சான்றிதழ், அந்தப் பணத்தைப் பயன்படுத்தச் சம்மதிக்கும் பெற்றோரின் கடிதம். தமிழ்நாட்டில் பிறந்தவர்கள் இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். நம்மில் பலருடைய பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரே இருக்காது. பிறந்த மறுவாரம் பதிவு செய்து, பெயர் வைத்த பிறகு சேர்க்காமலே விட்டிருப்பார்கள். என் சான்றிதழிலும் பெயர்க் கட்டம் வெறுமையாக இருந்தது. கோவையிலிருந்த மாமா மாநகராட்சி அலுவலகத்துக்குப் பலமுறை நடந்து பெயரைச் சேர்த்துத் தந்தார். அப்பாவின் பெயர் அங்கே இனிஷியலோடும், அமெரிக்க ஆவணங்களில் தாத்தாவின் பெயரைக் குடும்பப் பெயராகக் கொண்டு விரித்தும் எழுதப்பட்டிருந்ததால், இரண்டும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிக் கடிதம் ஒன்றும் தயாரித்தோம். சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் இருக்கும்போதே பெட்டியைத் திறந்து அந்தச் சான்றிதழை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

6. விசா விண்ணப்பம்

கட்டணம் 524 பவுண்டு. அதோடு ஐஎச்எஸ் என்ற மருத்துவக் கட்டணம், மாணவர்களுக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு வீதம், விசாக் காலம் முழுமைக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். படிப்பு முடிந்த பின் தரப்படும் சில மாதங்களும் கணக்கில் சேரும் என்பதால் தொகை எதிர்பார்த்ததைவிடக் கூடும். ஓராண்டு முதுகலைக்கு வழக்கமாக 1,164 பவுண்டு, மூன்றாண்டு இளங்கலைக்கு 2,716 பவுண்டு, ஸ்காட்லாந்தின் நான்காண்டுக்கு 3,492 பவுண்டு. தங்கையின் விண்ணப்பத்தின்போது இந்த ஒரே தொகைக்குக் கடன் அட்டையின் வரம்பு போதவில்லை. வங்கிக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

விண்ணப்பத்தில் கடந்த பத்தாண்டுப் பயணங்களைக் கேட்பார்கள். ஊருக்குப் போய்வந்த ஒவ்வொரு விடுமுறையின் தேதியும் தேவைப்படும் என்பதால், பழைய பாஸ்போர்ட் முத்திரைகளையும் விமானச் சீட்டு மின்னஞ்சல்களையும் வைத்து முதலிலேயே ஒரு பட்டியல் எழுதிக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் வசிப்பவருக்குக் காசநோய்ப் பரிசோதனை தேவையில்லை; ஆனால் விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு மாதமும் தாத்தா பாட்டியோடு இந்தியாவில் இருந்தவருக்கு அது தேவைப்படும். ஆங்கிலத் தேர்விலிருந்து அமெரிக்கக் குடிமக்களுக்கு விலக்கு உண்டு.

இணையத்தில் கட்டணம் செலுத்திய பிறகு கைரேகைக்கு முன்பதிவு செய்ய வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் அருகிலுள்ள மையங்களில் இடம் கிடைப்பது அரிது. முடிவு வர வழக்கமாக மூன்று வாரம். 500 பவுண்டு கூடுதலாகக் கட்டினால் ஐந்து வேலைநாள். இருக்கும் காலத்தைச் சரியாகப் பயன்படுத்தினால் இந்த 500 பவுண்டு மிச்சம்.

2025 ஜூலை 15 முதல் பெரும்பாலான மாணவர்களுக்கு பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் ஒட்டுவதில்லை, எல்லாம் ஈவிசா எனப்படும் மின்னணு விசாதான். நான் ஸ்டிக்கரோடு போனேன். தங்கை வெறும் பாஸ்போர்ட்டோடு போனாள். ஒப்புதல் வந்தவுடன் பிரிட்டன் குடிவரவுக் கணக்கில் நுழைந்து, பாஸ்போர்ட் எண் இணைந்திருக்கிறதா, விசாவின் தொடக்கத் தேதி எது என்று பார்த்து, பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொடக்கத் தேதிக்கு ஒரு நாள் முன்னதாகக்கூட உள்ளே போகாதீர்கள். அமெரிக்க பாஸ்போர்ட் என்பதால் ஈடிஏவோடு தானியங்கிக் கதவு திறந்துவிடலாம். ஆனால் நீங்கள் பார்வையாளராக நுழைந்தவராகிவிடுவீர்கள், வெளியேறி மீண்டும் நுழைந்தால்தான் மாணவர் அனுமதி நடைமுறைக்கு வரும். படிப்புக் காலத்தில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் புதிய எண்ணைக் கணக்கில் உடனே மாற்றுங்கள்.

7. தங்குமிடம்

முதலாண்டு மாணவருக்குப் பல பல்கலைக்கழகங்கள் விடுதி அறையை உறுதியளிக்கின்றன. ஆனால் குறிப்பிட்ட தேதிக்குள் விண்ணப்பித்தவருக்கு மட்டுமே. அந்தத் தேதி, இடம் உறுதியான மின்னஞ்சலின் கடைசிப் பத்தியில் எங்கோ கிடக்கும். தேடி எடுத்து நாள்காட்டியில் குறியுங்கள்.

வாடகையை வாரக் கணக்கில் சொல்வார்கள். வாரம் 160 பவுண்டு என்றால் மாதம் 640 என்று நாம் கணக்குப் போடுவோம். உண்மையில் அது மாதம் ஏறத்தாழ 693 பவுண்டு. தனியார் வீடுகளுக்குப் பிரிட்டனில் வசிக்கும் ஒரு பிணையாளரைக் கேட்பார்கள். உறவினர் யாரும் அங்கே இல்லையென்றால் பல்கலைக்கழகமே பிணை நிற்கும் திட்டம் உண்டா என்று விசாரியுங்கள். இங்கிலாந்தில் முன்பதிவுத் தொகை ஒரு வார வாடகைக்கும், வைப்புத்தொகை ஐந்து வார வாடகைக்கும் மேல் பொதுவாகப் போகக் கூடாது. வைப்புத்தொகையை 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் செலுத்த வேண்டும். 'நிர்வாகக் கட்டணம்' வாங்கச் சட்டம் இடம் தருவதில்லை. ஒரு முகவர் என்னிடம் 150 பவுண்டு அப்படி வாங்கினார். மாணவர் சங்கத்தின் ஆலோசனை மையம் எழுதித் தந்த கடிதத்தை அனுப்பிய பிறகு திருப்பித் தந்தார். அறையை நேரிலோ, நம்பிக்கையான ஒருவர் மூலமோ பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

8. பெட்டியில் எதை வைப்பது

பிரிட்டனில் மின்சாரம் 230 வோல்ட், அமெரிக்காவில் 120. தொலைபேசி, மடிக்கணினி சார்ஜர்களுக்குப் பிளக் மாற்றி போதும். ஆனால் அம்மா நியூ ஜெர்சியில் வாங்கிக் கொடுத்த ரைஸ் குக்கரை அப்படி மாட்டியவுடன் அடியிலிருந்து கருகிய வாடை வந்தது, அந்தத் தளம் முழுக்கப் புகை எச்சரிக்கை மணி அடித்தது, அறுபது பேர் நள்ளிரவில் வாசலில் நின்றார்கள். இந்தியாவிலிருந்து வந்த மிக்ஸி அதே மின்னழுத்தத்துக்குச் செய்யப்பட்டது என்பதால் அங்கே நன்றாக ஓடும். விடுதி விதி அனுமதிக்கிறதா என்பதை மட்டும் பாருங்கள்.

மருந்து உட்கொள்பவர்கள் மருத்துவரின் கடிதத்தோடும் மூல டப்பாவோடும் கொண்டுபோங்கள். கவனக்குறைவு நோய்க்கு அமெரிக்காவில் பரவலாகத் தரப்படும் ஆடரால் பிரிட்டனில் உரிமம் பெற்ற மருந்தல்ல. அதற்கு மாற்று என்ன என்பதைப் புறப்படுவதற்குப் பல மாதம் முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும். கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை மூன்று மாதத்துக்குக் குறைவான அளவே கொண்டுபோக வேண்டும்.

அமெரிக்கத் தொலைபேசி எண்ணைத் துண்டித்துவிடாதீர்கள். வங்கி, கடன், வரிக் கணக்குகள் அனைத்தும் ஒருமுறைக் கடவுஎண்ணை அந்த எண்ணுக்கே அனுப்பும். குறைந்த விலைத் திட்டத்துக்கு மாற்றிவிட்டு, கைபேசியின் பூட்டைப் பழைய நிறுவனத்திடம் சொல்லித் திறந்துகொண்டு புறப்படுங்கள்.

9. முதல் இரண்டு வாரம்

பல்கலைக்கழகப் பதிவை முடித்தவுடன் இரண்டு கடிதங்கள் கேட்டு வாங்குங்கள்: ஒன்று வங்கிக்கு, மற்றொன்று கவுன்சில் வரி எனப்படும் உள்ளாட்சி வீட்டு வரியின் விலக்குக்கு. முழுநேர மாணவர்கள் மட்டும் குடியிருக்கும் வீட்டுக்கு அந்த வரி இல்லை, ஆனால் சான்றிதழை நீங்கள் அனுப்பாவிட்டால் கட்டணச் சீட்டு வந்துகொண்டே இருக்கும்.

வங்கிக் கணக்கு திறக்கும்போது அமெரிக்கக் குடிமகனா என்று கேட்டு, சோஷியல் செக்யூரிட்டி எண்ணை வாங்குவார்கள். அமெரிக்க வரிச் சட்டத்தால் வந்த கட்டாயம் அது. ஒரு வங்கி என் விண்ணப்பத்தைக் காரணம் சொல்லாமல் திருப்பியது, அடுத்தது ஐந்து நாளில் திறந்து தந்தது. மறைத்து 'இல்லை' என்று குறிக்காதீர்கள். ஐசா என்ற வரியில்லாச் சேமிப்பை அங்கே எல்லோரும் பரிந்துரைப்பார்கள். அமெரிக்க வரித்துறைக்கு அது வரியில்லாச் சேமிப்பு அல்ல என்பதால் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

ஜிபி எனப்படும் குடும்ப மருத்துவரிடம் உடல்நலமாக இருக்கும்போதே பதிவு செய்யுங்கள். மருத்துவரைப் பார்க்கக் கட்டணம் இல்லை. மருந்துச் சீட்டுக்கு இங்கிலாந்தில் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு, ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இலவசம். பல் மருத்துவம் பெரும்பாலும் கைச்செலவு. புறப்படுவதற்கு முன் அமெரிக்கக் காப்பீட்டில் அந்த வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

10. மதிப்பெண்

முதல் கட்டுரைக்கு 64 வந்தபோது நான் தோற்றுவிட்டதாகவே எண்ணி வீட்டுக்குச் சொல்லாமல் இருந்தேன். அமெரிக்கக் கணக்கில் அது டி. அங்கே 70க்கு மேல் எடுத்தால் முதல் வகுப்பு, முதுகலையில் டிஸ்டிங்ஷன். 60 முதல் 69 வரை நல்ல தேர்ச்சி. 80ஐத் தாண்டுபவர் அரிது. வாரந்தோறும் வீட்டுப்பாடம், வருகைக்கு மதிப்பெண் எதுவும் கிடையாது. ஒரு பாடத்தின் முழு மதிப்பெண்ணும் 3,000 சொல் கட்டுரை ஒன்றில் அடங்கியிருக்கலாம். அதனால் நவம்பர் வரை ஓய்வாக இருப்பதுபோல் தோன்றும். அந்த மாதங்களில்தான் படிக்க வேண்டும். தாமதமாகத் தந்தால் நாளுக்கு இத்தனை மதிப்பெண் என்று கழிப்பார்கள். உடல்நலமின்மை போன்ற காரணம் இருந்தால் சலுகை விண்ணப்பத்தை, முடிந்தவரை கெடு முடிவதற்கு முன், மருத்துவச் சான்றோடு அனுப்ப வேண்டும். பேராசிரியரிடம் நேரில் சொல்லி நாள் நீட்டித்துக்கொள்ளும் அமெரிக்க வழக்கம் அங்கே செல்லாது.

11. வேலை

பட்டப்படிப்பு மாணவர் பருவ காலத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம். வாரம் என்பது திங்கள் முதல் ஞாயிறு வரை. ஒரு வாரம் 15, மறுவாரம் 25 என்று சராசரி பார்க்க முடியாது. முதுகலை மாணவருக்குக் கோடைக்காலமும் ஆய்வேடு எழுதும் பருவமே, ஆகவே அப்போதும் 20 மணிதான். சொந்தத் தொழில் கூடாது: உணவு விநியோகச் செயலிகள், தனிப்பயிற்சி, கட்டணத்துக்கு எழுதித் தருவது எல்லாம் அதில் அடங்கும். நியூ ஜெர்சியில் இருந்த பழைய முதலாளிக்கு இணையவழியில் செய்யும் வேலையும் அந்த 20 மணிக் கணக்கில் வரும். என்னோடு படித்தவர்களில் பலர் இதை அறிந்திருக்கவில்லை.

12. அமெரிக்க வரியும், திரும்புவதற்கு முந்தைய வேலைகளும்

வெளிநாட்டில் இருந்தாலும் அமெரிக்கக் குடிமகனின் உலக வருமானம் முழுவதும் அமெரிக்க வரிக் கணக்குக்கு உட்பட்டது. வெளிநாட்டுக் கணக்குகளின் கூட்டுத் தொகை ஆண்டில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் எஃப்பார் எனப்படும் வெளிநாட்டுக் கணக்கு அறிக்கை தர வேண்டும். ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாக பிரிட்டன் கணக்குக்கு மாற்றி, மறுநாளே பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினாலும் இந்த வரம்பு தாண்டிவிடும். அறிக்கைக்குக் கட்டணம் இல்லை, வரியும் இல்லை. ஏப்ரல் 15 கெடு, அக்டோபர் 15 வரை தானாக நீட்டிப்பு உண்டு. தராமல் விட்டால் அபராதம் கடுமையானது.

படிப்பு முடிந்து அங்கேயே வேலை தேட விரும்புபவர்கள் பட்டதாரி விசாவுக்கு, மாணவர் விசா காலாவதியாகும் முன், பிரிட்டனுக்குள் இருந்தபடியே விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் 880 பவுண்டு. மருத்துவக் கட்டணம் ஆண்டுக்கு 1,035 பவுண்டு. 2026 டிசம்பர் 31 வரை விண்ணப்பிப்பவருக்கு இரண்டு ஆண்டு, 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கும் இளங்கலை, முதுகலைப் பட்டதாரிகளுக்குப் பதினெட்டு மாதம். நீங்கள் தேர்ச்சி பெற்றதைப் பல்கலைக்கழகம் உள்துறைக்குத் தெரிவித்த பிறகுதான் விண்ணப்பிக்க முடியும் என்பதால், முடிவு வருவதற்குள் வீட்டை ஒப்படைத்துவிட்டு அமெரிக்காவுக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

திரும்பி வருபவர்கள் முத்திரையிட்ட டிரான்ஸ்கிரிப்ட் நகல்கள் நான்கையாவது கையோடு வாங்கிவாருங்கள். அமெரிக்க வேலைக்கும் மேற்படிப்புக்கும் அவற்றைத் தரமதிப்பீடு செய்யக் கேட்பார்கள். கடல் கடந்து எழுதிக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் வாரக்கணக்கில் காத்திருக்க நேரும். பிரிட்டன் வங்கிக் கணக்கை, வைப்புத்தொகையும் கடைசிச் சம்பளமும் வந்து சேரும்வரை மூடாதீர்கள்.